தூர் வாராத அகழி

அகழி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு முதலை. சின்ன வயதில் வேலூர்க் கோட்டைக்குப் போனபோது கூட வந்த மாமா, "இதுல அந்தக் காலத்துல முதலையா விட்டு வச்சிருந்தாங்களாம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தண்ணீருக்கு மேல் இரண்டு கண் தெரியாத அகழி எதுவும் எனக்கு அகழியே இல்லை. போதாக்குறைக்கு சரித்திரத் தொடர்கதைகள் வேறு. கதாநாயகன் நள்ளிரவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீந்துவான். மறு கரையில் அவனுக்கென்றே ஒரு சுரங்கக் கதவு திறந்திருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் சஃபோக்கில் என் முதல் இங்கிலாந்து அகழியைப் பார்க்கப் போனேன். சஃபோக் என்பது இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்து மாவட்டம். எம்.ஏ. தொல்லியல் வகுப்பில் ஆறு பேரை வேனில் ஏற்றி, ஒரு பண்ணை வீட்டின் பின்பக்கம் இறக்கி விட்டார்கள். காஞ்சொறி மாதிரி தொட்டால் எரிகிற செடிக்கூட்டம் இடுப்பளவு நின்றது. அதைத் தாண்டினால் சதுரமாக ஒரு பள்ளம். சம்பங்கோரையும் பாசியும் மண்டி, முழங்கால் அளவு தண்ணீர். நடுவில் நாலைந்து கிழட்டு ஆப்பிள் மரங்களுடன் ஒரு மேடு. சதுரத்தின் மூன்று பக்கம்தான் பள்ளம் இருந்தது. நான்காவது பக்கத்தை யாரோ எப்போதோ மூடி வயலோடு சேர்த்திருந்தார்கள்.

"இதுதானா?" என்று கேட்டேன்.

"இதுதான்" என்றார் எங்கள் ஆசிரியை. அவர் குரலில் பெருமை வேறு!

எங்கள் ஊர் ஊரணியே இதைவிடக் கம்பீரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. ரப்பர் பூட்ஸுக்குள் ஏற்கெனவே தண்ணீர் போயிருந்தது.

கோட்டை அகழி அல்ல இது. மேனர் வீட்டு அகழி. மேனர் என்பதை ஜமீன் என்று மொழிபெயர்த்தால் சரித்திர மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனால் கிட்டத்தட்ட அதுதான். ஒரு பிரபு, அவருடைய சொந்தச் சாகுபடி நிலம், அதில் வாரத்துக்கு இத்தனை நாள் உழைக்கக் கடமைப்பட்ட குடியானவர்கள், அவர்கள் தகராறுகளைத் தீர்க்க ஒரு மன்றம், எல்லாம் சேர்ந்தது மேனர். பிரபுவோ அவருடைய ஆளோ குடியிருந்த வீட்டைச் சுற்றி அகழி. இப்படிப்பட்ட இடங்கள் இங்கிலாந்தில் ஏறக்குறைய 6000 தெரியவந்திருக்கின்றன. பெரும்பாலானவை 1250-க்கும் 1350-க்கும் இடைப்பட்ட நூறு வருஷத்தில் வெட்டப்பட்டவை. நாட்டின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும்தான் ரொம்ப நெருக்கம். காரணம் களிமண். வெட்டினால் போதும், தண்ணீர் தானாக நிற்கும். இதற்கென்றே 1971-ல் ஓர் ஆய்வுக் குழு ஆரம்பித்து, வயல் வயலாக அலைந்து கணக்கெடுத்தார்கள்.

சரி, எதற்காக வெட்டினார்கள்? இங்கேதான் வேடிக்கை. முதலை விடுவதற்கு அல்ல என்பது மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்வது: அந்தஸ்து. அரசனுக்குக் கோட்டை, கோட்டைக்கு அகழி. அதைப் பார்த்து சின்னப் பிரபு தன் வீட்டைச் சுற்றி வெட்டினார். அவரைப் பார்த்து, கொஞ்சம் காசு பார்த்த பெரிய விவசாயியும் வெட்டினார். உண்மையான படை வந்தால் இந்த எட்டு மீட்டர் பள்ளம் அரை நாள் தாங்காது. பலகையும் விறகுக் கட்டும் போட்டு நடந்து வந்துவிடலாம். ஆனால் காலின் பிளாட் என்ற வரலாற்றாசிரியர் 2010-ல் ஒரு கட்டுரையில் இந்த முடிவைக் கேள்வி கேட்டார். படைக்குத்தான் பயப்பட வேண்டுமா? மக்கள்தொகை பெருகி, நிலம் போதாமல், பசியும் கொள்ளையும் கூடிய காலம் அது. இரவில் வருகிற பத்துத் திருடர்களை நிறுத்த அகழியும் தூக்கி வைத்துவிடக்கூடிய ஒரு பலகைப் பாலமும் போதும். நான் பிளாட் பக்கம் சாய்கிறேன். எங்கள் தெருவில் புதிதாக வீடு கட்டியவர்கள் எல்லாரும் மதில் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறார்கள். அது அந்தஸ்தா, பயமா என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. மீன் வளர்க்க, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, தீப்பிடித்தால் இறைக்க, ஈரக் களிமண்ணில் வீட்டுத் தரை காய்ந்திருக்க என்று இன்னும் சில காரணங்களும் உண்டு.

இடையில் ஒரு சொல் விஷயம். தமிழில் அகழ்வதால் அது அகழி. நாங்கள் படிக்கிற படிப்பும் அகழாய்வு. இரண்டும் ஒரே வேர். ஆங்கிலத்தில் இதற்குச் சொல்கிற 'மோட்' பழைய பிரெஞ்சின் 'மோட்' என்பதிலிருந்து வந்தது. அதற்கு அர்த்தம் மேடு! தோண்டிக் குவித்த மண்ணின் பெயர் காலப்போக்கில் தோண்டின பள்ளத்துக்குப் போய்விட்டது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஆசிரியை குறித்துக்கொண்டார். ஒரு வருஷத்தில் நான் வகுப்புக்குச் செய்த பங்களிப்பு அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் அய்யாவுக்கு போன் பண்ணினேன். அய்யா என்றால் அப்பாவின் அப்பா. எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம், முழுக்கக் கண்மாய்ப் பாசனம். அய்யா இளவட்டமாக இருந்தபோது ஊரே கூடி வீட்டுக்கு ஓர் ஆள் வீதம் கண்மாய் வெட்டுக்குப் போவார்களாம். அதனால் மண் வெட்டுகிற கணக்கை அவரிடம் கேட்பதுதான் நியாயம்.

என் கணக்கு இது. மேடு 40 மீட்டர் சதுரம். அகழி அகலம் 8 மீட்டர். வெட்டினபோது ஆழம் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கரைச் சரிவைக் கழித்தால் சுமார் 2300 கன மீட்டர் மண். ஓர் ஆள் நாளைக்கு 3 கன மீட்டர் வெட்டிச் சுமந்தால் 770 ஆள் வேலை. 20 பேர் இறங்கினால் ஆறு வாரம்.

அய்யா கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏத்தா, ஈரக் களின்னுல்ல சொன்ன? மம்பட்டில ஒட்டிக்கிட்டு எறங்காது. வெட்டுறதவிட வழிக்கிறதுதான் வேல. ஒங்கணக்குல பாதி போட்டுக்க."

பாதி போட்டால் 20 பேருக்கு இரண்டரை மாதம். அத்தனை பேருக்கும் கூலி கொடுத்தார்களா, கடமை உழைப்பில் கழித்தார்களா என்பது ஒவ்வொரு மேனரின் கணக்கு ஓலை... மன்னிக்கவும், கணக்குத் தோல்சுருள் கிடைத்தால்தான் தெரியும். இந்த வீட்டுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. வெட்டின மண் முழுவதையும் நடு மேட்டில் கொட்டியிருந்தால் மேடு ஒன்றரை மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். அவ்வளவு உயரம் இல்லை. மிச்சம் வெளிக்கரைக்கும், மரச் சட்டத்துக்கு நடுவே சுவராகக் குழைத்துப் பூசவும் போயிருக்கும்.

போனை வைக்கும் முன் அய்யா ஒரு கேள்வி கேட்டார். "அது சரி, தூர் வாருவாகளா?"

அந்தக் கேள்விதான் எங்களை அங்கே கொண்டு போயிருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விஷயம் என்னவென்றால், பண்ணை வீட்டுக்காரருக்கு அகழியைத் தூர் வார ஆசை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியுடன் அங்கே குடியேறியவர். வெயில் காலத்தில் நாற்றம் தாங்கவில்லை. தெளிந்த தண்ணீர், நாலு வாத்து, ஒரு மரப்பாலம் என்று கனவு. ஆள் பேசி விலையும் கேட்டுவிட்டார். 1979-ம் வருஷத்துப் பழஞ்சின்னங்கள் சட்டப்படி, அரசுப் பட்டியலில் ஏறிய இடம் என்றால் அனுமதி வாங்காமல் மண்வெட்டி வைக்க முடியாது. ஆனால் எல்லா அகழியும் பட்டியலில் இல்லை. இது இல்லை. இருந்தும் அவராகவே பல்கலைக்கழகத்துக்கு எழுதி, "முக்கியமாக எதுவும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். நல்ல மனிதர். தேநீரும் கேக்கும் தவறாமல் வரும்.

பார்த்துச் சொல்வது எப்படி? நீளமான இரும்புக் கம்பியின் நுனியில் ஓர் அரைக் குழாய். அதைச் சேற்றில் அழுத்தித் திருகி இழுத்தால் அடுக்கு அடுக்காக மண் வரும். இரண்டு நாள் இதே வேலை. மேலே அரை மீட்டர் வெறும் இலை மக்கு. அதற்குக் கீழே சாம்பல் நிறச் சேறு. அதற்கும் கீழே, கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை நாற்றத்துடன் ஒரு அடுக்கு. அப்புறம் சுண்ணாம்புக் கட்டிகள் கலந்த நீலச் சாம்பல் களிமண். அதுதான் இயற்கைத் தரை. அதற்குக் கீழே யாரும் வெட்டவில்லை.

அந்த நாற்றமெடுத்த கறுப்புதான் எங்களுக்குத் தங்கம். காற்றுப் புகாததால் கிருமிகளுக்கு அங்கே வேலை இல்லை. மேட்டில் புதைந்திருந்தால் எப்போதோ மக்கிப் போயிருக்கும் மரமும் தோலும் விதையும் இங்கே அப்படியே இருக்கும். 1976-ல் யார்க்‌ஷயர் பக்கம் கோவிக் என்ற இடத்து அகழியில் அவசர மீட்பு வேலை நடந்தது. அந்தச் சேற்றுத் தாவர எச்சங்களை ஜேம்ஸ் கிரெக் ஆராய்ந்து எழுதியதைத்தான் எங்களை முதலில் படிக்கச் சொன்னார்கள். எங்கள் சேற்றைச் சல்லடையில் கழுவியபோது பிளம் கொட்டை, ஹேசல் கொட்டை ஓடு, ஓக் மரச் செதில், ஈக்கூடு, நிறையப் பாசி எல்லாம் கிடைத்தன. இது தண்ணீரில் வளர்கிற பாசி இல்லை, காட்டில் மரத்தடியில் வளர்வது. கொத்துக் கொத்தாக இருந்தது. எதற்கு என்று கேட்டேன். "காகிதம் கிடைக்காத காலம்" என்றார் ஆசிரியை. இரண்டு நிமிஷம் கழித்துப் புரிந்தது. கையுறை போட்டிருந்தேன், இருந்தாலும் மதியம் கேக் சாப்பிடவில்லை.

கறுப்பு அடுக்கின் அடியிலிருந்து எடுத்த ஒரு சுள்ளியைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது நான் ஏமாந்து போனேன். பதினைந்தாம் நூற்றாண்டு. பக்கத்து மேட்டில் கிடைத்த பானை ஓடுகளை வைத்துப் பார்த்தால் வீடு 1300 வாக்கிலேயே இருந்திருக்கிறது. அப்படியானால் நடுவில் நூற்றுச் சொச்சம் வருஷத்துச் சேறு எங்கே?

வாரிவிட்டார்கள். அவ்வளவுதான்.

வசதியாக இருந்த காலம் முழுக்க அவர்கள் அகழியை ஒழுங்காகத் தூர் வாரியிருக்கிறார்கள். அந்த வண்டலை வயலில் கொட்டியிருப்பார்கள், நாங்கள் கரம்பை அடிப்பது போல. அதோடு அந்தக் காலத்துக் கொட்டை, ஓடு, செதில் எல்லாம் போய்விட்டது. 1315-லிருந்து பெரும் பஞ்சம். 1348-ல் கொள்ளைநோய். மூன்றில் ஒருவரிலிருந்து இரண்டில் ஒருவர் வரை செத்ததாகக் கணக்கு. ஆள் பற்றாக்குறையால் கூலி ஏறியது. கூலியைப் பழைய அளவில் நிறுத்த 1351-ல் சட்டமே போட்டார்கள், அப்படியும் நிற்கவில்லை. இதற்கு அப்புறம் ஏதோ ஒரு தலைமுறையில் இந்த வீட்டுக்காரர், "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று விட்டிருக்கிறார். அந்த வருஷத்திலிருந்துதான் எங்களுக்குச் சேறு கிடைக்கிறது. அவர்கள் ஓகோவென்று வாழ்ந்த நாளைப் பற்றி அகழி ஒன்றுமே சொல்லாது. கைவிட ஆரம்பித்த பிறகுதான் பேசும்.

எனக்கு இது சங்கடமாக இருந்தது. தூர் வாருவது என்றால் எங்கள் ஊரில் புண்ணியம். வாராத கண்மாய் என்றால் ஊருக்குள் ஒற்றுமை இல்லை என்று அர்த்தம். 2017-ல் அரசாங்கம் மறுபடி குடிமராமத்து என்று ஆரம்பித்து, வண்டல் அள்ள அனுமதி கொடுத்தபோது அய்யா தள்ளாத வயதிலும் டிராக்டர் பின்னால் நடந்தே கண்மாய்க்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு, இங்கே வந்து "தயவு செய்து தூர் வாராதீர்கள்" என்று அறிக்கை எழுத வேண்டும்!

இந்த விஷயத்தில் நான் தனியாள் இல்லை என்பது பிறகு தெரிந்தது. கர்சன் பிரபுவை ஞாபகம் இருக்கிறதா? வங்காளத்தை 1905-ல் பிரித்த அதே வைஸ்ராய். பள்ளிப் பாடத்தில் வில்லன். ஆனால் 1902-ல் ஜான் மார்ஷலைக் கொண்டுவந்து இந்தியத் தொல்லியல் துறைக்கு மறுபடி உயிர் கொடுத்தவரும், 1904-ல் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தவரும் அவரே. ஊருக்குத் திரும்பிய பிறகு சசெக்ஸில் இருக்கும் போடியம் கோட்டையை விலைக்கு வாங்கினார். அதைக் கோட்டை என்று சொன்னாலும், 1385-ல் எட்வர்ட் டாலிங்ரிக் என்ற வீரர் அரசனிடம் வாங்கிய உரிமத்தில் இருப்பது தன் மேனர் வீட்டைப் பலப்படுத்த அனுமதி. அதைச் சுற்றி ஏரி மாதிரி ஒரு அகழி. புகைப்படத்தில் பார்த்தால் கோட்டை தண்ணீரில் மிதக்கும். 1919-ல் கர்சன் அந்த அகழியை வடித்து, சராசரி மூன்றடிச் சேற்றை வாரச் சொன்னார். பழைய பாலங்களின் அடித்தளங்கள் வெளியே வந்தன. அந்தக் காலத்துக்கு அது பெரிய கண்டுபிடிப்பு.

சேறு? சேற்றை யார் அப்போது கழுவிப் பார்த்தார்கள். போய்விட்டது. எந்த மகரந்தம், எந்தக் கொட்டை, எந்தக் குடும்பம் எதைத் தின்றது என்பதெல்லாம் அதில்தான் இருந்திருக்கும். இந்தியாவில் பழைய கட்டடங்களை இடிக்காதே என்று சட்டம் போட்ட மனிதர் தப்பான எண்ணத்தில் செய்யவில்லை. அழகாக்கத்தான் செய்தார். இன்று போடியத்துக்கு வருகிறவர்கள் ரசிக்கிற அந்தத் தண்ணீருக்கு அவரும் ஒரு காரணம். போய் நின்றபோது நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். பழுப்புச் சேறும் கோரையுமாக இருந்திருந்தால் ஒரு போட்டோ எடுத்திருப்பேனா? சந்தேகம்தான்.

அறிக்கையில் என் பங்கு இரண்டு பக்கம். கறுப்பு அடுக்கைத் தொட வேண்டாம், மேல் இலை மக்கை மட்டும் எடுங்கள், வடக்குப் பக்கத்தை அப்படியே விடுங்கள் என்று எழுதினேன். அய்யாவிடமும் ஒரு நாள் சொல்லியே விட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சேத்துக்குள்ள அப்புடி என்ன இருக்கு?" என்றார். பிளம் கொட்டை என்றேன். "கொட்டையா" என்றார். அப்புறம் மழை உண்டா, சாப்பாடு எப்படி என்று பேச்சை மாற்றிவிட்டார்.

வீட்டுக்காரர் அறிக்கையைப் படித்துவிட்டு நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பினார். வடக்குப் பக்கத்தை விட்டுவிடுகிறேன் என்றார். கிழக்குப் பக்கத்தை முழுசாக வாரப் போகிறேன் என்றும் எழுதியிருந்தார். அவர் நிலம், அவர் உரிமை. மேற்குப் பக்கத்தை யாரும் தொட முடியவில்லை. அதற்குக் காரணம் எங்கள் அறிக்கை அல்ல. முதுகில் கொண்டை வைத்த, பார்க்கப் பல்லி போல் இருக்கிற நியூட் என்ற பிராணி அந்தத் தண்ணீரில் குடியிருந்தது. இங்கே சட்டப் பாதுகாப்பு உள்ள உயிர். எழுநூறு வருஷ வரலாறு செய்ய முடியாததை நாலு நியூட் செய்துவிட்டது.

பொக்லைன் வந்த சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் போனோம். ஓட்டுநர் ரொம்பப் பக்குவமான ஆள். கறுப்பு அடுக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி எங்களைப் பார்ப்பார். ஓடிப்போய் வாளியில் அள்ளுவோம். மறுபடி இயந்திரம் உறுமும். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அய்யாவின் கணக்கில் வாரக்கணக்கான வேலை, நாலு மணி நேரம். வாரின சேறு பக்கத்து வயல் ஓரத்தில் நீளமாகக் கிடந்தது. அடுத்த சனிக்கிழமையும் போய் அதைக் கிளறினோம். பச்சைப் பிளாஸ்டிக்கில் ஒரு பொம்மைச் சிப்பாய் கிடைத்தான். அப்புறம் பீங்கான் துண்டுகள், கயிறு, ஒரு டயர். மரத்தில் கடைந்த கிண்ணத்தின் விளிம்பு ஒன்று, உள்ளங்கை அகலம். அதைத் தண்ணீர் போட்டுக் கட்டி ஆய்வகத்துக்கு எடுத்து வந்தோம். வெளியே வைத்தால் காய்ந்து சுருங்கிவிடும்.

மொத்தம் பதினோரு வாளி சேறு. ஏழு கழுவியாகிவிட்டது. மீதி நாலு, துறையின் பின்பக்கம் குளிர்ந்த அறையில் மூடி போட்டு இருக்கிறது. மூடியைத் திறந்தால் மாடி வரை நாறுகிறது என்று புகார் வந்திருப்பதால், விடுமுறையில் எல்லாரும் ஊருக்குப் போன பிறகு கழுவலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.